விளக்கெண்ணெயும் ரங்கூன் ஆயிலும்

எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அதற்கு எந்த எண்ணெய் போடுவது என்பதில் மட்டும் மூன்று கட்சிகள் இருந்தன. அப்பாரு விளக்கெண்ணெய்க் கட்சி. அப்பா தேங்காயெண்ணெய். சித்தப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஊருக்கு வரும்போது டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிண்டில் ஆயில் கொண்டுவந்து, "இத உட்டுப் பாருங்கண்ணா, சமையக்கட்டு எண்ணெயெல்லாம் எதுக்கு இரும்புக்கு" என்பார். அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. மில்லிலிருந்து வருவது ஓசி எண்ணெய், ஓசியில் வந்தது ஒட்டாது என்பது அப்பாருவின் சித்தாந்தம்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் எங்கள் பூமி. காட்டுப்பன்னி, மயில், அவ்வப்போது யானை. லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதியிருந்தாலும் 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அது சத்தம் போடுகிற கருவி, அவ்வளவுதான். வருஷத்துக்கு நாலைந்து தோட்டா, அதுவும் வானத்தைப் பார்த்து. மிச்ச நாளெல்லாம் இரும்பு பீரோவுக்குள் நின்றுகொண்டிருக்கும். துப்பாக்கி இப்படிச் சும்மா நிற்கும்போதுதான் கெட்டுப்போகிறது. எந்த எண்ணெய் என்கிற கேள்வியும் பெரும்பாலும் அந்தச் சும்மா நிற்கிற நாட்களைப் பற்றியதுதான்.

அப்பாருவிடம் முதலில் இருந்தது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. நான் அதைப் பார்த்ததில்லை. 1960களில் அதை ஒப்படைத்துவிட்டு ஒற்றைக்குழல் 12 போர் வாங்கிவிட்டார். ஆனால் அதைக் கழுவுகிற கதையை ஆத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "உங்க அப்பாரு வேட்டு போட்டுட்டு வந்தா ராத்திரி எந்நேரமானாலுஞ் செரி, பொடக்காலியில அடுப்பு மூட்டித் தண்ணி காய வெக்கோணும். மனுசன் குளிக்கறதுக்கில்ல கண்ணு, இரும்பு குளிக்கறதுக்கு." கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றி, கஜக்கோலில் துணி சுற்றி இழுப்பாராம். கறுப்புத் தண்ணி நின்று தெளிந்த தண்ணி வரும்வரை விடமாட்டார். சூடான குழல் தானாகவே காய்ந்துவிடும். பிறகுதான் விளக்கெண்ணெய்.

இதில் ஒரு படிகூட வீண் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும். மற்றது குழலுக்குள் படியும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது சமையலறை உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குழலுக்குள் இருக்கும் உப்பும் அதையேதான் செய்யும், இரும்பின் மேல் உட்கார்ந்துகொண்டு. உப்பை எந்த எண்ணெயும் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். உப்பின் மேல் எண்ணெய் தடவினால் துருவுக்குப் போர்வை போர்த்திய மாதிரி.

விளக்கெண்ணெய்க்கும் காரணம் இருந்தது. கருமருந்துக் கசடு பெட்ரோலிய எண்ணெயோடு சேர்ந்தால் தார் போல இறுகும். தாவர எண்ணெயும் மிருகக் கொழுப்பும் அந்தக் கசடை இளக்கமாகவே வைத்திருக்கும். அதிலும் விளக்கெண்ணெய் இரும்பை விட்டு நகராது. வைக்கோல் கரியை அதில் குழைத்துத்தான் மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டார்கள். முதல் உலகப்போர் விமானங்களில் சுழன்ற ரோட்டரி இன்ஜின்களுக்கும் அதுதான். 1909இல் வந்த காஸ்ட்ரால் எண்ணெயின் பெயரிலேயே ஆமணக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆக, அப்பாரு ஒன்றும் விவரம் தெரியாமல் செய்யவில்லை.

துப்பாக்கிக் கொழுப்பு என்றதும் நம் பள்ளிப் பாடம் ஞாபகம் வரும். 1857இல் சிப்பாய்களுக்கு வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று பேச்சு பரவியது. தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது பயிற்சி முறை. அந்தக் கொழுப்பு எதற்கு என்று பாடத்தில் சொல்லவில்லை. முறுக்கு வெட்டிய குழலுக்குள் காகிதம் சுற்றிய குண்டு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், முந்தின வேட்டின் கசடு இறுகாமல் இருக்க வேண்டும். அப்பாருவின் விளக்கெண்ணெய்க் கணக்குதான். எதிர்ப்பு கிளம்பியதும், வேண்டுமானால் தேன்மெழுகும் நெய்யும் சேர்த்து நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலைக்கு அது போதுமானதாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மார்ச் 29ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார்.

புதிதாக வந்த 12 போருக்குக் கருமருந்து கிடையாது. தோட்டாவுக்குள் நைட்ரோ மருந்து. புகை குறைவு, கசடு குறைவு, உப்பும் அவ்வளவாகத் தங்காது. அதனால் வெந்நீர்க் குளியல் நின்றுபோனது. ஆத்தாவுக்கு நிம்மதி. விளக்கெண்ணெய் மட்டும் நின்றபாடில்லை. பழைய துப்பாக்கியில் உள்யந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. புதியதில் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே வில்லும் கொக்கியும் சிறு சிறு இரும்புத் துண்டுகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அப்பாரு அந்த இடுக்கிலெல்லாம் பழக்கதோஷத்தில் விளக்கெண்ணெயை விட்டார். அவருக்குப் பின் அப்பா அதே இடுக்கில் தேங்காயெண்ணெய் விட்டார். தலைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே பாட்டில். மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தடவுவோம். பீரோவுக்குள் இருந்த துப்பாக்கியை யார் வெயிலில் வைத்தார்கள்?

அப்பா 2019 கடைசியில் போய்விட்டார். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கின பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் கொரோனா, நடுவில் சட்டமன்றத் தேர்தல். 2021 ஆவணியில் என் கைக்கு வந்தபோது குதிரையைப் பின்னால் இழுத்தால் பாதி தடவை கொக்கியில் மாட்டவில்லை. மாட்டினாலும், விசையைத் தொட்டதும் டக்கென்று விழாமல், கிழட்டு மாடு படுக்கிற மாதிரி மெதுவாக இறங்கியது. வீட்டில் இரண்டு குழந்தைகள். "அதக் குடுத்துத் தொலைங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சுடாத துப்பாக்கியைவிட, எப்போது சுடும் என்று தெரியாத துப்பாக்கி மோசம். கொக்கி பாதி பிடித்த நிலையில் நிற்கிற குதிரை ஒரு தட்டு தட்டினால்கூட விழலாம்.

கொடுப்பதற்கு முன் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று, ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். கோபிப் பக்கத்துக்காரர். துப்பாக்கியை வாங்கியதும் அவர் முதலில் செய்தது, அதை மடக்கித் திறந்து வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பார்த்தது. பிறகு தோட்டா போடுகிற இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். "கண்ணுக்குக் காலியாத்தான் தெரியும் தம்பி. வெரலு உட்டுப் பாத்துரோணும்."

திருகாணியின் பள்ளத்துக்கு ஏற்றபடி நுனியை அரைத்த திருப்புளி நாலைந்து வைத்திருந்தார். கடைத் திருப்புளி போட்டால் பள்ளம் சிதைந்துவிடுமாம். உள்யந்திரத்தைத் திறந்ததும் எனக்கு வந்தது எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசனை. வில்லின் மேல், கொக்கியைச் சுற்றி, எங்கு பார்த்தாலும் ஆறிப்போன வெல்லப்பாகு நிறத்தில் ஒரு பிசின்.

"ஏனுங் தம்பி, இது எத்தன வருசமாத் தெறக்காமக் கெடந்துது?"

"எனக்குத் தெரிஞ்சு தெறந்ததே இல்லீங்கய்யா. அப்பா மேலாக்க எண்ணெ உடுவாருங்க."

"என்ன எண்ணெ?"

"தேங்காயெண்ணெங்க. அதுக்கு முன்னால அப்பாரு காலத்துல வெளக்கெண்ணெ."

அவர் நகத்தால் ஒரு துளி சுரண்டி விரலிடுக்கில் உருட்டினார். "தேங்காயெண்ணெ ஒண்ணுமட்டும் இருந்தா இப்படி எறுகாதுங். அடியில வெளக்கெண்ணெ, அதும்மேல தேங்காயெண்ணெ, அதும்மேல ஆடிக்காத்துத் தூசி. மூணு தலமொறையும் உள்ள இருக்குது பாருங்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு வேதியியல் வேண்டாம், சமையலறை போதும். அடுப்புக்கு மேலே உள்ள பலகையைத் தடவிப் பாருங்கள். நல்லெண்ணெய் தீபம் எரிகிற மாடத்தின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். தாவர எண்ணெய்கள் மெல்லிய படலமாகக் காற்றில் கிடந்தால் ஆக்சிஜனை வாங்கி, ஒன்றோடொன்று கைகோத்து, பிசினாகும். எண்ணெய்க்கு எண்ணெய் வேகம் மாறும். ஆளிவிதை எண்ணெய் மிக விரைவாகக் காயும், அதனால்தான் பெயின்டில் சேர்க்கிறார்கள். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய் நடுவில். தேங்காயெண்ணெய் அவ்வளவு இறுகாது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் காறலெடுத்துப் புளிக்கும், பித்தளைப் பாகம் இருந்தால் பச்சை பூக்கும். பெட்ரோலியத்திலிருந்து வடித்த எண்ணெய்க்கு இந்தக் கைகோக்கிற குணம் மிகக் குறைவு. வருஷக்கணக்கில் கிடந்தாலும் ஆவியாகலாம், வழிந்தோடலாம், பிசினாவது அரிது.

பெரியவர் சீமெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தார். சீமெண்ணெய் அழுக்கை நன்றாகக் கரைக்கும், ஆனால் காவல் காக்காது. அப்படியே விட்டால் இரும்பு அம்மணமாக நிற்கிற மாதிரி, நாலு நாளில் துரு. கழுவி முடித்ததும் ஒவ்வொரு துண்டாகத் துடைத்து வைத்துவிட்டு, கொக்கியின் முனையைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மொனை தேயல. தேஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன், குடுத்துருங்கன்னு. பிசினு புடிச்சுத்தான் மாட்டல. மத்தபடி இரும்பு நெம்ப நல்ல இரும்புங்."

பிறகுதான் எண்ணெய்ப் பேச்சு வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது போலீசில் .303 இருந்தது. அதன் கட்டையின் பின்பக்கத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே பித்தளை எண்ணெய்க் குப்பியும், குழலுக்குள் துணி இழுக்கிற புல்த்ரூ கயிறும் இருக்கும். அவருக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த ஆர்மரர்கள் அந்த எண்ணெயை 'ரங்கூன் ஆயில்' என்பார்களாம், அது எங்கிருந்து வந்தாலும் சரி. பெயர்தான் வினோதம். பர்மாவில் ஏனாங்யாங் பக்கம் கிணறு வெட்டி எடுத்த மண்ணெண்ணெய் வகையறாவிலிருந்து வந்த பெயர் அது. பர்மா ஆயில் கம்பெனி தொடங்கியது 1886. அதற்கு முன்பும் பின்பும் இங்கிலாந்துத் துப்பாக்கிக் கடைகளில் ரங்கூன் ஆயில் என்று டப்பாவில் விற்றார்கள், ராணுவத்துக்கும் அதுவே போனது. கொழுப்பும் தாவர எண்ணெயும் திமிங்கில எண்ணெயும் போட்டுப் பழகியவர்களுக்கு, பிசினாகாத எண்ணெய் பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் வட்டிக்கடை வைக்கவும் மூட்டை தூக்கவும் கப்பலேறிப்போன அதே ரங்கூனின் பெயர், கோயமுத்தூர் ஆயுதக் கிடங்கில் எண்ணெய்க் குப்பியின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

"அப்ப எங்க சித்தப்பாவோட மில்லு எண்ணெ?" என்றேன்.

"அது செரியான எண்ணெதானுங். கதிருக்கு விடறது, மெல்லிசு, சுத்தமா இருக்கும். தையல் மெசினு எண்ணெயும் அதோட சொந்தந்தான். உள்வேலைக்கு அது போதும். வெளிய குழலுக்கு மேல மட்டும் அது நிக்காது, வழிஞ்சு போயிரும்."

ரிங் ஃபிரேமில் கதிர்கள் நாள் முழுக்க நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற ஊர் இது. மெல்லிய எண்ணெயைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து இங்கே மூன்று நான்கு தலைமுறை அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. உள்ளே விடவில்லை.

எண்ணெய்க்கு மூன்று வேலை என்று பெரியவர் பிரித்தார்: அழுக்கை எடுப்பது, உரசலைக் குறைப்பது, துருவைத் தடுப்பது. மூன்றையும் ஒரே பாட்டிலில் செய்கிற சிஎல்பி எண்ணெய்கள் இப்போது உண்டு. அமெரிக்க ராணுவம் 1980களிலேயே அதற்கு மாறிவிட்டது. அடிக்கடி சுடுகிறவர்களுக்கு, ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவர்களுக்கு, அது சௌகரியம். வருஷத்துக்கு நாலு தோட்டா சுடுகிறவனுக்கு மூன்றாவது வேலைதான் பெரிது. உரசலே நடக்காத இடத்தில் வழுக்குவதைப் பற்றி என்ன கவலை?

எல்லார் வீட்டிலும் இருக்கிற அந்த நீல மஞ்சள் டப்பா, டபிள்யூடி-40, பற்றியும் கேட்டேன். 1953இல் சான் டியாகோவில் ராக்கெட் வேலைக்காகச் செய்தது. பெயரிலேயே ஈரத்தை விரட்டுவதற்கான 40ஆவது முயற்சி என்று இருக்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு அன்றைக்கு அடிக்கலாம். நீண்ட நாள் காவலுக்கு நிற்காது. அது எங்கும் ஊடுருவுகிற சரக்கு. அடித்த இடத்தில் தோட்டாவை வைத்தால் பின்புறத் தொப்பி வழியாக உள்ளே இறங்கி மருந்தை நமுக்கச் செய்துவிடும் என்றும் எச்சரித்தார்.

எனக்குச் சொன்னால் மட்டும் போதாது, பார்த்தாக வேண்டும். அந்தப் புரட்டாசியில் ஒரு பழைய இரும்புப் பட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு ஏழு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய் தடவி, மோட்டார் ரூம் ஜன்னலில் சாய்த்து வைத்தேன். தை வரைக்கும் தொடவில்லை. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மேலே தோல் கட்டி, ஈ ஒட்டும் தாள் மாதிரி ஆகிவிட்டன. தேங்காயெண்ணெய் மார்கழிக் காலைகளில் திட்டுத் திட்டாக வெளுத்தது. விளக்கெண்ணெய்க்குக் கீழே துரு இல்லை, ஆனால் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான். ஸ்ப்ரே அடித்த கட்டத்தில் ஐப்பசி மழையிலேயே செம்புள்ளி. தையல் மெசின் எண்ணெய் கட்டத்தின் மேல்பாதியில் வழிந்துபோய் லேசாகத் துரு, கீழ்ப்பாதி சுத்தம். கடைசிக் கட்டத்தில் தடவிய கிரீஸ் மட்டும் வைத்தது வைத்தபடி. ஏழு கட்டத்தை வைத்து அறிவியல் பேச முடியாதுதான். ஆனாலும் பெரியவர் சொன்னதற்கு மாறாக அந்தப் பட்டை எதுவும் சொல்லவில்லை.

அதிலிருந்து உள்யந்திரத்துக்கு மெல்லிய எண்ணெய், கொக்கி முனையிலும் சுழலும் ஆணியிலும் ஊசி நுனியால் ஒவ்வொரு சொட்டு. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் என்பது பெரியவர் கணக்கு. அதிகமானால் தூசியைக் கூப்பிடும். குழலுக்குள் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்த துணி ஒருமுறை. சுடுவதற்கு முன் அதையும் காய்ந்த துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். குழலுக்கு வெளியே நீண்ட நாள் என்றால் கிரீஸ் மெல்லிசாக. பீரோவில் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். நேராக நிறுத்தினால் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கட்டையின் கழுத்தை ஊறவைத்து மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். எங்கள் துப்பாக்கியின் கட்டை அந்த இடத்தில் கறுத்திருந்ததற்கு அதுதான் காரணம். அந்த மரத்துக்குப் பெரியவர் போடச் சொன்னது ஆளிவிதை எண்ணெய். இரும்பில் எந்தக் குணம் ஆகாதோ அதே காய்கிற குணம் மரத்துக்கு மேல்தோலாக உட்காருகிறது. துணி உறை, தோல் உறை இரண்டும் கூடாது. ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். சித்தப்பா மகன் பம்ப் கம்பெனியில் இருக்கிறான். ஏற்றுமதிக்குப் போகும் இரும்புப் பாகங்களைச் சுற்றுகிற விசிஐ பேப்பர் ஒரு தாள் கொடுத்தான். தாளிலிருந்து கிளம்பும் ஆவி இரும்பின் மேல் படிந்து துருவைத் தடுக்குமாம். ஒரு வழியாகச் சித்தப்பா கட்சியிலிருந்து வந்த சரக்கு எங்கள் பீரோவுக்குள் நுழைந்தது. அவர் அதைப் பார்க்க இல்லை.

2024 மார்ச் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு ஓட்டு ஏப்ரல் 19இல் முடிந்துவிட்டாலும் எண்ணிக்கை ஜூன் 4 வரை காத்திருந்தது. கிட்டத்தட்ட எண்பது நாள். நடுவில் கோடை மழை. ஒப்படைப்பதற்கு முந்தின இரவு திண்ணையில் பழைய பேப்பர் விரித்து, விரல்விட்டுப் பார்த்து, உள்ளே சொட்டு வைத்து, வெளியே கிரீஸ் தடவினேன். வியர்வைக் கை படக்கூடாது என்று கடைசியில் துணியால்தான் பிடித்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளைக்கு நலங்கு வெக்கற மாதிரியில்ல இருக்குது" என்றாள். குடுத்துத் தொலைங்க என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ஜூனில் திரும்பி வந்தது. பேப்பரை யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள்; விசை வளையத்தில் நூல் கட்டி அட்டை தொங்கியது. வீட்டில் வந்து குதிரையை இழுத்தேன். கொக்கி சுத்தமாக மாட்டியது, சத்தத்திலேயே தெரிந்தது. வெள்ளைத்துணியால் குழலை மேலிருந்து கீழே துடைத்தபோது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் துணி காவியானது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கிரீஸ் துடைபட்ட இடத்தில் துரு ஒரு கட்டைவிரல் ரேகையாகவே எழுந்திருந்தது, வளையம் வளையமாக, கையெழுத்துத் தெரியாதவர் பத்திரத்தில் வைத்த மாதிரி. சன்ன இரும்புக் கம்பளியில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். பாதி ரேகை போனது. மிச்சத்தைத் தேய்த்தால் நீலப் பூச்சும் சேர்ந்து போகும் என்று பெரியவர் போனில் சொன்னதால் அப்படியே விட்டு, அதன் மேல் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன்.